அம்மா நினைவாக ஒரு பலாமரப் பெஞ்சு: மரம் இருக்கிறது, வடிவம் பிடிபடவில்லை

நாகலூர் மலைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். மர வேலை எனக்குத் தொழில் இல்லை. வீட்டுக் கதவு, அலமாரி, கோழிக்கூண்டு என்று தேவைப்பட்டதை நானே செய்துகொள்வேன், அவ்வளவுதான். இப்போது செய்ய நினைப்பது அதையெல்லாம் விடப் பெரிய வேலை, தப்பாகப் போனால் திரும்பச் செய்ய வேறு மரம் கிடையாது, அதனால்தான் உளியை எடுக்கும் முன்னால் இங்கே கேட்கிறேன்.

அம்மா 2024 ஆடியில் இறந்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் காபி எஸ்டேட்டில் பழம் பறித்தவர். பறித்த பழத்தைச் சாக்கில் கட்டி, தலையில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, மேட்டிலும் பள்ளத்திலும் சுமந்து எடை போடும் இடத்துக்குக் கொண்டு வர வேண்டும். எங்கள் காட்டு ஓரத்தில் ஒற்றையடிப் பாதை திரும்புகிற இடத்தில் ஒரு பாறை இருந்தது. அதில் சாக்கை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவார். நவம்பர், டிசம்பரில் பனி இறங்கி எதிரே வருகிற ஆள் தெரியாது, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பேச்சுச் சத்தத்தை வைத்துத்தான் அம்மா அங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். பாதையை அகலப்படுத்தியபோது அந்தப் பாறையை உடைத்துவிட்டார்கள். இப்போதும் பழம் பறிக்கும் பெண்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள், உட்கார இடம் இல்லை. அந்த இடத்தில்தான் பெஞ்சு போட நினைக்கிறேன். நிலம் எங்கள் பட்டா நிலம், அதில் சிக்கல் இல்லை.

மரம் வந்த கதை. 2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெங்கல் புயல் மழையில் மலைப்பாதை சரிந்து நாங்கள் எல்லோரும் மேலேயே மாட்டிக்கொண்டோமே, அந்த மழையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த பெரிய பலா வேரோடு சாய்ந்தது. தாத்தா காலத்து மரம். அம்மா வருஷா வருஷம் அதன் பழத்தை அறுத்துப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சுளை பங்கு வைப்பார். விறகுக்குக் கேட்டு வந்தார்கள், கொடுக்க மனசு வரவில்லை. செயின் சா வைத்திருக்கிறவரைக் கூப்பிட்டு அங்கேயே அறுக்க வைத்தேன். 3 அங்குலக் கனத்தில் 2 பலகை, ஒவ்வொன்றும் 7 அடி நீளம், 20 அங்குல அகலம். அப்புறம் அடிமரம் இரண்டு கிளையாகப் பிரிகிற ஒரு பெரிய கவை, அடி 9 அங்குலக் கனம், இரண்டு கிளையும் 6 அங்குலம் இருக்கும், மொத்த நீளம் 6 அடிக்குக் கொஞ்சம் குறைவு. பட்டையை உரித்து, கொட்டகையில் சில்வர் ஓக் ரீப்பர் குறுக்கே வைத்துக் காற்றோட்டமாக அடுக்கியிருக்கிறேன். 14 மாதம் ஆகிறது. பலகையின் முனைகளில் மட்டும் வெடிப்பு விட்டிருக்கிறது.

நான் யோசித்த வடிவம் இதுதான். சாய்வுப் பலகையில் அம்மா முகத்தைச் செதுக்கி, இரண்டு பக்கமும் காபிக் கொத்து, கால்கள் வளைந்து வளைந்து மரத்தின் வேர் மாதிரி. தாளில் வரைந்தால் நன்றாக இருக்கிறது. ஆனால் பத்து நாளாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஏதோ சரியில்லை, அது அம்மா மாதிரி இல்லை. அடுத்த பழப் பருவம் நவம்பரில் தொடங்கும், அதற்குள் போட்டுவிட வேண்டும். பலா வெளியில் மழையில் தாங்குமா, என்ன வடிவம் சரியாக வரும், எதைச் செய்யக் கூடாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உளிச்சத்தம்:

தம்பி, நான் கன்னங்குறிச்சியில் பட்டறை வைத்திருக்கிறேன். முதலில் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், வடிவம் அப்புறம்.

பலா தாங்கும். வெளியில் போட நல்ல மரம்தான், கரையானும் லேசில் தொடாது. ஆனால் இது முழுக்க வைரத்துக்கு, அதாவது மரத்தின் உள்ளே இருக்கிற கெட்டியான பகுதிக்குத்தான் பொருந்தும். ஓரத்தில் வெளுப்பாக இருக்கிறதே, அந்த வெளிறு ஒரு அங்குலம்கூடப் பெஞ்சில் இருக்கக் கூடாது. வைரம் மஞ்சளாக இருக்கும், வெயில் பட்டால் பழுப்பாகும், அந்த எல்லை கண்ணுக்கே நன்றாகத் தெரியும். ஓரத்தை இயற்கையாக விட்டால் அழகு என்று இப்போது படத்தில் நிறையப் பேர் காட்டுகிறார்கள். வீட்டுக்குள் வைக்கிற மேஜைக்கு அது சரி. ஏற்காட்டு மழையில் வெளிறோடு விட்டால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும், அதற்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். 20 அங்குலப் பலகை வெளிறு போக 17, 18 அங்குலம் நிற்கும், உட்கார அது போதும்.

காய்வது. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது எங்கள் பழைய கணக்கு, அப்படிப் பார்த்தால் உன் பலகைக்கு 3 வருஷம் வேண்டும். ஆனால் வெளியிலேயே கிடக்கப் போகிற சாமானை வீட்டுக் கட்டில் அளவுக்குக் காய வைக்கத் தேவையில்லை, ஈரம் 15 சதவீதத்துக்குப் பக்கம் வந்தால் போதும். மீட்டர் இல்லையென்றால் இப்படிப் பார்: பலகை முனையிலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளி ஒரு துண்டு எடு, முனை சீக்கிரம் காய்ந்துவிடும், அதை நம்பக் கூடாது. சமையல் தராசில் எடை போடு. 640 கிராம் என்று வைத்துக்கொள். அடுப்பு ஓவனில் 100 டிகிரிச் சூட்டில் வைத்து, எடை இனிமேல் குறையாது என்கிற வரைக்கும் காய வை. 540ல் நின்றால் போன தண்ணீர் 100 கிராம், அதை 540ஆல் வகுத்தால் 18.5 சதவீதம் ஈரம். அந்த அளவு வந்தால் இன்னும் 3, 4 மாதம் விடு, நவம்பருக்குள் முடியும். வெடிப்பு விட்ட முனைகளில் மெழுகோ பழைய பெயின்ட்டோ இன்றைக்கே தடவு, முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், அதனால்தான் அங்கே மட்டும் வெடிக்கிறது.

இப்போது வளைவு. நேர்ப் பலகையில் வேர் மாதிரி வளைத்துக் கால் அறுத்தால், வளைவு திரும்புகிற இடத்தில் நார் குறுக்கே வெட்டுப்படும். அந்த இடத்தில் மரத்துக்குப் பலமே இல்லை, இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பிஸ்கட் மாதிரி உடையும். என் தாத்தா கலப்பை செய்தவர். நேர்க் கட்டையை வளைத்து அறுத்து அவர் ஒரு கலப்பைகூடச் செய்ததில்லை. தானாகவே வளைந்து வளர்ந்த கருவேலங் கிளையைத் தேடிக் காடு காடாகப் போவார், சில சமயம் வளரும் மரத்தைப் பார்த்து வைத்துவிட்டு இரண்டு வருஷம் கழித்துப் போய் வெட்டுவார். நார் வளைவோடு கூடவே ஓடினால்தான் மாடு இழுக்கிற இழுப்புக்கு நிற்கும். உன்னிடம் கவை இருக்கிறது. அதைத் தவிர வேறு வளைவு உனக்கு வேண்டாம், உன் பெஞ்சின் சிற்பம் அதுதான். அதை அறுத்துப் பலகை ஆக்கிவிடாதே. இரண்டு கிளை பிரிகிற இடுக்கில் பட்டை உள்ளே மடிந்து போயிருக்கிறதா என்று மட்டும் நன்றாகப் பார், பட்டை உள்ளே இருந்தால் அந்தக் கவை ஒரு நாள் பிளக்கும்.

முகம் செதுக்குவது வேண்டாம் என்பது என் கருத்து. மரம் அகலவாக்கில் ஆயுசுக்கும் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும், உன் 18 அங்குலப் பலகை மழைக்கும் கோடைக்கும் நடுவில் கால் அங்குலம் வரைக்கும் அசையும். வெளியில் கிடக்கிற பலகையில் வெடிப்பு வராமல் இருக்காது, அந்த வெடிப்பு அம்மா கன்னத்திலோ கண்ணிலோ ஓடினால் உன்னால் பார்க்க முடியாது.

இன்னொன்று, மரத்தை மலையை விட்டுக் கீழே கொண்டு வந்து மில்லில் இழைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தாள் வாங்கிக்கொள். மலைப்பகுதி மரங்களுக்கு 1955லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. விழுந்த மரம்தானே, சொந்த நிலம்தானே என்று வண்டியில் ஏற்றிவிட்டு அடிவாரத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

தாரமங்கலத்துக்காரி:

அண்ணா, மர வேலை எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி மனசில் நின்றுவிட்டது, சாக்கை இறக்கி வைத்துவிட்டு உட்காருவார் என்பது. உட்காருவது இரண்டாவது அண்ணா. இறக்கி வைப்பதுதான் முதலில்.

நம் ஊர்ப் பக்கம் பழைய சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு தனியாக வருகிறவர் யாரையும் கைகொடுக்கக் கூப்பிடாமல், முழங்காலை லேசாக மடக்கிச் சுமையை அப்படியே அதன் மேல் நகர்த்திவிட்டு நிற்கலாம், திரும்பத் தலையில் ஏற்றிக்கொள்ளும்போதும் குனிய வேண்டியதில்லை. பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணுக்காக அவள் வீட்டார் நட்டு வைப்பது அது. இறக்க முடியாமல் போன அவள் சுமையை, வழியில் போகிற ஒவ்வொருவரும் தங்கள் சுமையை இறக்கும்போது கொஞ்சம் இறக்கி வைக்கிறார்கள் என்று எங்கள் ஆயா சொல்வார். நடுகல்லில் வீரனைச் செதுக்குவார்கள், வில்லும் வாளும் தெரியும். நான் பார்த்த சுமைதாங்கிகளில் அந்தப் பெண்ணின் உருவம் எதுவும் இல்லை, மிஞ்சிப்போனால் பெயர் இருக்கும். அது செய்கிற வேலைதான் அவளுடைய ஞாபகம்.

உங்கள் பெஞ்சும் அப்படி இருந்தால் என்ன? ஒரு பக்கம் உட்கார, இன்னொரு முனையில் சாக்கை இறக்கி வைக்க ஒரு தட்டு. அந்த வழியில் இப்போதும் பெண்கள் சுமந்துகொண்டு போகிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்களே.

கூடவே ஒன்று சொல்ல ஆசை. நான் படித்தது புவியியல். சேர்வராயன் மலை முழுக்கக் கிடக்கிற அந்தக் கருநீலக் கல்லுக்குப் பெயர் சார்னோகைட். 1893ல் ஹாலண்ட் என்கிற புவியியலாளர் வைத்த பெயர். கல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் ஜோப் சார்னாக்கின் கல்லறை மேல் இருக்கிற கல்லை ஆராய்ந்து, அந்த ஆள் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். அந்தக் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது, ஆனால் கல் இனம் நம் மலையில் இருப்பதுதான். நினைவுக்கல் ஒன்றிலிருந்து பெயர் எடுத்த கல் உங்கள் காலடியிலேயே கிடக்கிறது. உடைத்த பாறையில் துண்டு ஏதாவது மிச்சம் இருந்தால் பெஞ்சுக்கு அடியில் அதைப் போடுங்கள்.

பழைய டிராயிங் வாத்தியார்:

தங்கச்சி சொன்ன யோசனை அருமை, ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துவிட்டுச் செய்யுங்கள். சுமைதாங்கி எந்த மாதிரி இறந்தவர்களுக்கு வைப்பது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். உங்கள் அம்மா வயசாகிப் பிள்ளை குட்டி பார்த்துப் போனவர், அவருக்கு இதை ஏன் வைக்கிறாய் என்று யாராவது மனசு வருத்தப்படலாம். செய்து நட்ட பிறகு அந்தப் பேச்சு வந்தால் உங்களுக்குத்தான் கஷ்டம். அம்மா கூடப் பிறந்தவர்கள் இருந்தால் முதலில் போய்க் கேளுங்கள்.

என் அனுபவம் ஒன்று. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் இறந்தபோது எல்லோரும் பணம் போட்டு வேப்பமரத்தடியில் மரப் பெஞ்சு ஒன்று வைத்தோம். வரைபடம் நான்தான் போட்டேன், செய்தது வெளியாள். நல்ல தேக்கு. வார்னிஷ் கண்ணாடி மாதிரி மின்னியது, பித்தளைத் தகட்டில் பெயர், இரும்பு போல்ட்டு. கால்களை மண்ணில் புதைத்து சிமென்ட் போட்டுவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் போனது. வார்னிஷில் மயிரிழை மாதிரி வெடிப்பு விட்டு, அதற்குள் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தோல் உரிகிற மாதிரி உரிந்தது. போல்ட்டைச் சுற்றி மை கொட்டினது போலக் கறுப்பு. சிமென்டுக்குள் இருந்த கால் கிண்ணத்தில் நிற்கிற மாதிரி தண்ணீரில் நின்று உளுத்துப்போனது. தகட்டை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நாலாம் வருஷம் பெஞ்சைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டார்கள், அந்த அம்மாவின் மகள் ஒரு நாள் வந்து எங்கே என்று கேட்டபோது எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. வரைந்தபோது நான் பார்த்தது அழகை மட்டும்தான், தண்ணீர் எங்கே நிற்கும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

அதனால் தகடு வேண்டாம், எழுத்தை மரத்திலேயே வெட்டுங்கள். ஆத்தூர் தாண்டித் தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன, புவிசார் குறியீடு வாங்கிய ஊர். தேர் வேலை, வாகன வேலை, சாமி சிலை எல்லாம் செய்கிற கைகள். முகம் வேண்டாம் என்று உளிச்சத்தம் சொன்னது சரி, ஆனால் சிற்பமே வேண்டாம் என்று ஆகிவிட வேண்டாம். ஒரே ஒரு இடத்தில் நல்ல கை பட்டால் போதும். அந்த ஒரு இடம் எது என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நாகலூர் மலைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது, சித்தியைப் பார்க்க வாழப்பாடி போயிருந்தேன்.

வாத்தியார் ஐயா சொன்ன மாதிரியே கேட்டேன். சுமைதாங்கி மாதிரி வைக்கலாமா சித்தி, தப்பா என்று. சித்தி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொன்னார். எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பிள்ளை ஏழு மாதத்தில் தவறியிருக்கிறது, பழப் பருவத்தில், மூட்டை தூக்கிய நாளில். அந்தப் பிள்ளைக்கு யாரும் எதுவும் செய்யவில்லை, இதை அதற்கும் சேர்த்துச் செய் என்றார். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. சுமைதாங்கிதான் செய்யப் போகிறேன்.

அளவு எடுத்தேன். அம்மா 4 அடி 10 அங்குலம், ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது. அப்படியென்றால் தட்டு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? உடைத்த பாறையில் மூன்று துண்டு ஓடையோரம் கிடக்கிறது, ஒன்று நல்ல சதுரமாக, பெஞ்சு உயரத்துக்கே இருக்கிறது. கவையில் இடுக்கு சுத்தமாக இருக்கிறது, பட்டை இல்லை. ஈரம் 19 வந்தது.

அண்ணன் உளிச்சத்தத்துக்கு ஒரு கேள்வி. கவையை நட்டு அதன் இரண்டு கிளை மேல் தட்டை வைக்கலாம் என்று பார்த்தேன், இரண்டு கை தூக்கிப் பிடிக்கிற மாதிரி வரும். ஆனால் அடி ஒற்றையாக நிற்பதால் ஆடுகிறது. தட்டின் நடுவில் சும்மாடு மாதிரி வட்டமாகக் குழி செதுக்கலாமா என்றும் ஒரு எண்ணம்.

உளிச்சத்தம்:

தம்பி, சித்தி சொன்னதைப் படித்துவிட்டு நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. சரி, வேலையைப் பேசுவோம்.

கவையைத் தலைகீழாகப் போடு. இரண்டு கிளையும் கீழே காலாக, அடிமரம் மேலே. ஒரு ஆள் காலை அகட்டி நிற்கிற நிற்பு தானாக வந்துவிடும். கால் ஒன்று முன்னுக்கு, ஒன்று பின்னுக்கு, உட்காரும் பலகை அந்த இரண்டு காலுக்கும் நடுவில் நுழையட்டும். நடுவில் 18 அங்குல இடைவெளி வருகிற உயரத்தைக் கோலால் அளந்து பார், 17 அங்குல உயரத்தில் அது கிடைத்தால் உன் அதிர்ஷ்டம். கிடைக்கவில்லையென்றால் அந்த முனையில் மட்டும் பலகையின் இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் கொத்தி உள்ளே கொண்டு போ. காலைக் கொத்தாதே. பலகை உட்கார ஒரு குறுக்குச் சட்டம், காலுக்குக் கால், முனையை ஒடுக்கிக் கழுந்தாக்கித் துளையில் இறக்கி ஆப்பு அடி. பலகையின் மறுமுனைக்கு உன் சதுரப் பாறைதான் கால். முன்னும் பின்னும் சாயாமல் கவையின் அகட்டல் பிடிக்கும், பக்கவாட்டில் சாயாமல் பலகையின் நீளம் பிடிக்கும். மூட்டை 50 கிலோ என்றாலும் தட்டு அடிமரத்துக்கு நேர் மேலே இருக்கிறவரைக்கும் பயமில்லை.

உயரம். அம்மா 58 அங்குலம். மூட்டையின் அடி தலை உச்சியில் சும்மாட்டின் மேல் இருக்கும், முழங்காலை மடக்கினால் 4 அங்குலம் இறங்கும். தட்டு 54 அங்குலத்தில் இருக்கட்டும், கல்லின் மேல் நிற்கிற உயரத்தையும் சேர்த்து. இப்போது அந்த வழியில் போகிறவர்களையும் வெறும் சாக்கோடு நிற்க வைத்துப் பார்த்துவிடு. சில்வர் ஓக் கட்டையில் ஆணி அடித்து மாதிரி ஒன்று செய், அது வெளியில் நிற்காத மரம், ஆனால் ஒரு வாரச் சோதனைக்குப் போதும். பலாவில் கை வைப்பது அதற்கு அப்புறம்தான்.

சும்மாடு. தட்டின் மேல் குழி போடாதே, அது கிண்ணம், தண்ணீர் நிற்கும், பாசி பிடிக்கும், அந்த இடமே முதலில் உளுக்கும். ஆனால் உன் எண்ணத்தை விட்டுவிடாதே, இடத்தை மட்டும் மாற்று. சும்மாடு எங்கே இருக்கும்? தலைக்கும் சுமைக்கும் நடுவில். அடிமரம் முடிந்து தட்டு தொடங்குகிற கழுத்தில், துணியை முறுக்கிச் சுற்றி வைத்த மாதிரி இரண்டு சுற்று, அடிமரத்திலேயே செதுக்க வேண்டும், தனியாகச் செய்து ஒட்டுவது இல்லை. 9 அங்குல மரத்தில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது, கீழே உள்ள கழுத்தைக் கொஞ்சம் ஒடுக்கினால் சுருள் பிதுங்கித் தெரியும். மேலே தட்டு குடை மாதிரி மூடுவதால் மழையும் நேராக விழாது. வாத்தியார் சொன்ன அந்த ஒரு இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. தம்மம்பட்டிக் கையை இதற்குக் கூப்பிடு.

தட்டைப் பொருத்தும்போது கழுந்து மேலே வரைக்கும் துளைத்து வரக் கூடாது. வெட்டு முனை வானத்தைப் பார்த்தால் உறிஞ்சுகுழல் மாதிரி தண்ணீர் குடிக்கும். 2 அங்குலம் மட்டும் உள்ளே போகட்டும். தட்டின் மேல்பக்கம் நடு மேடாக, ஓரம் 5 மில்லி தாழ்வாக இழை. உட்காரும் பலகையில் வைரப்பக்கம், அதாவது மரத்தின் நடுவைப் பார்த்திருந்த பக்கம், மேலே இருக்கட்டும், மேலும் காயும்போது நடு மேடாகி வளையும், அதுவும் நல்லதுதான். முன்பக்கம் ஒரு 9 மில்லி சாய்வு கொடு, உட்காருகிறவருக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

கால் எதுவும் மண்ணைத் தொடக் கூடாது. மிச்சம் இரண்டு பாறைத் துண்டைக் கவையின் காலடியில் போட்டு, நடுவில் துளையிட்டு 12 மில்லி ஸ்டெயின்லெஸ் கம்பி இறக்கி, மரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு வாஷர் கனமாவது இடைவெளி விடு. இரும்பு வேண்டவே வேண்டாம், மரத்தில் இருக்கிற துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்துதான் வாத்தியார் பார்த்த கறுப்பு. பலகையைப் பாறையோடு பிணைக்கிற போல்ட்டுத் துளையை வட்டமாகப் போடாமல் அகலவாக்கில் நீளமாகப் போடு, மரம் அசைய இடம் வேண்டும்.

எழுத்து. உட்காரும் இடத்தில் வேண்டாம், தட்டின் முன் முகத்தில், 3 அங்குலக் கனத்தில் ஒன்றரை அங்குல எழுத்து சரியாக உட்காரும். வி வடிவத்தில் 4 மில்லி ஆழம். நம் எழுத்தில் ண, ஞ, ழ இதிலெல்லாம் சுழி உள்ளே சின்னத் தீவு நிற்கும் பார், நாருக்குக் குறுக்கே உளி போனால் அந்தத் தீவு பெயர்ந்து வந்துவிடும், அதனால் சுழியைக் கொஞ்சம் பெரிதாக எழுது. வெளிறுத் துண்டில் நாலு தடவை வெட்டிப் பழகு.

கடைசியில் வார்னிஷ் வேண்டாம், எண்ணெய் மட்டும். டங் ஆயில் கிடைத்தால் நல்லது, பச்சை ஆளி எண்ணெய் உங்கள் ஊர்ப் பனிக்குப் பூஞ்சை பிடிக்கும். பெஞ்சு இரண்டு வருஷத்தில் சாம்பல் நிறம் ஆகும், ஆகட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, கோடைத் திருவிழாவுக்கு முன்னால், தேங்காய் நாரும் தண்ணீரும் வைத்துத் தேய்த்துக் காயவிட்டு மறுபடி எண்ணெய் போடு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் கொட்டகையில் போட்டுவிடாதே, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காய வை இல்லையென்றால் தண்ணீரில் முக்கு. நான் ஒரு பட்டறை எரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தாரமங்கலத்துக்காரி:

அண்ணா, தட்டில் என்ன எழுதப் போகிறீர்கள்?

நாகலூர் மலைக்காரன்:

அம்மா பெயர் மட்டும், வருஷம் எதுவும் வேண்டாம் என்று இருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை. அதனால் அம்மா பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெயர் அளவுக்கு இடம் விட்டு எழுதப் போகிறேன்.

மாதிரி செய்துவிட்டேன் அண்ணா. நேற்றுக் காலையில் மிளகு பறிக்கப் போன நாலு பேரை நிறுத்திச் சாக்கை இறக்கிப் பார்க்கச் சொன்னேன். மூன்று பேருக்கு 54 சரியாக இருந்தது. ஒரு அக்காவுக்கு மட்டும் இரண்டு அங்குலம் அதிகம், எக்கித்தான் வைத்தார். 52க்கு இறக்கினால் மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் முழங்காலை மடக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். 54 அம்மாவின் அளவு, ஆனால் தினமும் அந்த வழியில் போகிறவர் அந்த அக்காதான். 52 வைக்கிறேன்.

தம்மம்பட்டிக்கு வருகிற ஞாயிறு போகிறேன். அம்மாவின் சும்மாட்டுத் துணி ஒன்று பெட்டியில் இருந்தது, சித்தி அதை அவர் சுற்றுகிற மாதிரியே சுற்றிக் கொடுத்திருக்கிறார், அப்படியே பிரியாமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.